கேமில் 98 சதவீதம், கொடையில் ஜால்ரா பிடிபடவில்லை: இது விரல் வேகமா, இசையா?

பாளை_பழைய_பேட்டரி:

ரொம்ப நாளாக மனதில் கிடந்து அரிக்கிற விஷயம், இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

என் அக்கா மகனுக்கு வயது பதினான்கு. ஃபோனில் தாள கேம் எது வந்தாலும் முடித்துவிட்டுத்தான் சாப்பிட வருவான். சரி, பயலுக்கு ஆர்வம் இருக்கிறதே என்று, நான் கல்யாணத்துக்கு முன்னால் செகண்ட்ஹேண்டில் வாங்கிப் பரணில் போட்டிருந்த கித்தார் ஹீரோ பிளாஸ்டிக் கித்தாரை இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். தெரியாதவர்களுக்கு: கழுத்தில் ஐந்து கலர் பட்டன், நடுவில் மேலும் கீழும் தட்டுகிற ஒரு ஸ்ட்ரம் பார், அவ்வளவுதான். திரையில் கலர் வில்லைகள் நம்மை நோக்கி வரும், கோட்டைத் தொடும்போது சரியான பட்டனைப் பிடித்துத் தட்ட வேண்டும். நான் ஒரு வருடம் மல்லுக்கட்டியதை அவன் ஒரே வாரத்தில் தாண்டிவிட்டான். எக்ஸ்பர்ட் லெவலில் 98 சதவீதம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஊரில் கோயில் கொடை, அதாவது திருவிழா. என் சித்தப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். "ஏல பேரப்புள்ள, சும்மாதான இருக்க, இதப் புடி" என்று ஜால்ராவை இவன் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். முதல் இரண்டு நிமிடம் ஒரு குறையும் இல்லை. அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், கதையை நடுவில் நிறுத்தி, முன்வரிசையில் கொட்டாவி விட்ட ஒருத்தரைக் கிண்டல் பண்ணி, கூட்டம் சிரித்து ஓயுமுன் வில்லில் அடிக்கிற வீசுகோலைத் தட்டிப் பாட்டுக்குள் நுழைந்தார் பாருங்கள், உடுக்கையும் குடமும் கட்டையும் அவரோடு சேர்ந்தே நுழைந்தன, இவன் மட்டும் அரை அடி கழித்து 'ணங்' என்றான். அப்புறம் பிடிக்கவே முடியவில்லை. சித்தப்பா சிரித்துக்கொண்டே ஜால்ராவை வாங்கிவிட்டார்.

பைக்கில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டான்: "மாமா, அங்க நோட்டே வரலையே, எப்ப அடிக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த கேம்கள் இசையைப் பழக்குகின்றனவா, வெறும் விரலைப் பழக்குகின்றனவா? நாமாக ஒரு நோட்டு கூடுதலாகத் தட்டினால்கூட தப்பு என்று ஒரு அசிங்கமான சத்தம் வருகிறது, தப்பில்லாமல் தொடர்ந்து அடித்துச் சேர்த்த காம்போ போய்விடுகிறது. கற்பனை பண்ணினால் தண்டனை கொடுக்கிற ஒன்றை மியூசிக் கேம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஃபுல்காம்போ_ராசா:

அண்ணே கோபப்படாதீங்க, ஆனால் நீங்கள் இதை ரிஃப்ளெக்ஸ் கணக்கில் சேர்ப்பதே தப்பு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நிமிடத்துக்கு 180 அடி ஓடுகிற பாட்டு, ஒவ்வொரு அடியிலும் நான்கு நோட்டு. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் இடையில் சுமார் 83 மில்லி வினாடிதான். கண்ணால் பார்த்துக் கை அசைய சாதாரண மனுசனுக்கு 200லிருந்து 250 மில்லி வினாடி ஆகும். அதாவது பார்த்துவிட்டு அடித்தால் அதற்குள் இரண்டு மூன்று நோட்டு கடந்து போயிருக்கும். அப்படியிருந்தும் நாங்கள் அடிக்கிறோம் என்றால், வரப்போவதை முன்னாலேயே படித்து, பாட்டின் ஓட்டத்தில் ஏறி உட்கார்ந்து அடிக்கிறோம் என்று அர்த்தம். பேட்டிங் மாதிரி இல்லை, பேப்பர் வாசிக்கிற மாதிரி.

நோட்டு எழுதியிருக்கிறது, அதைத்தானே அடிக்கிறான் என்றால், கச்சேரியில் வித்வானும் யாரோ எழுதின கீர்த்தனையைத்தானே பாடுகிறார்? அவரைப் பார்த்து உங்களுக்குக் கற்பனை இல்லை என்று கேட்பீர்களா?

தாமிரபரணி_கரை:

எல்லாம் சரிவே, பையன் பத்தாங்கிளாஸ் எப்ப வருதான்?

கல்லிடை_மிருதங்கம்:

ராசா தம்பி, முதல் பத்தி நூற்றுக்கு நூறு சரி, என் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். தாளத்தைத் துரத்தினால் பிடிக்க முடியாது, அது வருகிற இடத்தில் முன்னாடியே போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது பத்தியில் வழுக்கிவிட்டீர்கள். கீர்த்தனை கச்சேரியில் பாதிதான். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் பக்கத்துக்காரர் காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் போய்விட்டார், அவருடைய நாதஸ்வரப் பதிவுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன, அதில் ஒரு ராக ஆலாபனையை எடுத்து உங்கள் கேமில் போடுங்கள் பார்ப்போம். தாளமே கிடையாது, வில்லையை எந்தக் கோட்டில் இறக்குவீர்கள்?

ஆனால் பேட்டரி தம்பி சொல்கிற மாதிரி கணக்கும் கற்பனையும் எதிரும் புதிரும் அல்ல. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. 'ததிங்கிணதொம்' என்கிற மிருதங்கச் சொல் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு தடவை இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 15ம் 4ம் சேர்ந்து 19. சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து விழ வேண்டுமானால் 13 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். இடைவெளியை மூன்றாக்கினால் 21, அப்போது 11 விட்டு எடுப்பு. இப்படி உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம், விழுகிற இடம் மட்டும் மாறக்கூடாது. கூட்டத்தில் ஒருத்தர் தலையை ஆட்டிக்கொண்டு அந்தச் சமத்துக்காகக் காத்திருக்கிறார் இல்லையா, அவரை ஏமாற்றிவிட்டுக் கடைசியில் ஏமாற்றாமல் வந்து சேருவதுதான் சுகமே.

உங்கள் கேம் விழுகிற இடத்தைச் சரியாகக் கணக்குப் பார்க்கிறது. நடுவில் இருக்கிற 19-ஐயும் அதுவே எழுதிவைத்துவிட்டது. அதுதான் என் குறை.

அம்பை_சார்ட்மேக்கர்:

அக்கா சொன்ன 'நடுவில் இருக்கிற இடம்' பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை கேம்கள் ஆரம்பத்திலேயே அந்த இடத்தைத் தேடியவைதான். 1996-ல் பிளேஸ்டேஷனில் வந்த 'பாராப்பா தி ராப்பர்', மசாயா மட்சுவுரா செய்தது. வெங்காயத் தலை கராத்தே மாஸ்டர் ஒரு வரி பாடுவார், நாய்க்குட்டியாகிய நாம் அதே வரியை பட்டன் அழுத்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படியே திருப்பிச் சொன்னால் 'குட்', பாஸ் பண்ணிவிடலாம். ஆனால் அதற்கு மேல் 'கூல்' என்று ஒரு படி இருக்கிறது, காட்டியதையே அடித்துக்கொண்டிருந்தால் அங்கே போகவே முடியாது. தாளத்துக்குள் நின்றபடி நாமாகக் கூடுதலாகத் தட்டி இழுத்து விளையாட வேண்டும். 'கூல்' வந்துவிட்டால் மாஸ்டரே எழுந்து போய்விடுவார், மேடை நம்முடையது. எந்தக் கணக்கில் மார்க் போடுகிறது என்று கேம் சொல்லாது. அதனால் நிறையப் பேர் புரியாமல் திட்டினார்கள்.

அப்புறம் 2005-ல் கித்தார் ஹீரோ வந்து கொடிகட்டிப் பறந்ததும் எல்லோரும் அந்த நெடுஞ்சாலையிலேயே போய்விட்டார்கள். செய்த ஹார்மோனிக்ஸ் கம்பெனிக்காரர்களே 2007-ல் ராக் பேண்டில் டிரம்ஸுக்குக் கொஞ்சம் வெற்றிடம் விட்டார்கள். அந்த இடம் வந்தால் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், கடைசியில் ஒரு சிம்பல் அடி மட்டும் சரியாக விழ வேண்டும். அக்காவின் சமம்தான்! ஆனால் நடைமுறையில் என்ன ஆச்சு என்றால், என்னையும் சேர்த்து எல்லோரும் அந்த இடத்தில் கோழி கிளறுகிற மாதிரி கையில் பட்டதை அடித்துவிட்டுக் கடைசி சிம்பலில் கவனமாக இருந்தோம். சுதந்திரம் கொடுத்தால் கற்பனை தானாக வந்துவிடாது.

எதிர்ப்பக்கம் டெட்சுயா மிசுகுச்சியின் 'ரெஸ்', 2001. சுடுகிற கேம். எப்போது சுட்டாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துவைத்து அடுத்த தாள அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நாம் தப்பே பண்ண முடியாது. ஆடும்போது நான் பெரிய இசைக்கலைஞன் என்று நினைப்பு வரும், அணைத்ததும் போய்விடும்.

இப்போது என் சொந்தக் கதை. நான் கித்தார் ஹீரோ மாதிரியே ரசிகர்கள் செய்த குளோன் ஹீரோ கேமுக்கு சார்ட் போடுகிறவன், அதாவது பாட்டைக் கேட்டு எந்த வில்லை எப்போது வர வேண்டும் என்று எடிட்டரில் உட்கார்ந்து குத்துகிற வேலை. எங்கள் ஊரில் எடுத்த நையாண்டி மேளப் பதிவு ஒன்றுக்குப் போன வருடம் சார்ட் போட உட்கார்ந்தேன். எடிட்டர் முதலில் கேட்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. நான் 112 என்று போட்டேன். முதல் நிமிடம் பொருந்தியது, இரண்டாவதில் கோடு தள்ளிப்போச்சு. ஆறாவது நிமிடம் 150-ஐத் தாண்டிவிட்டது. அதுவும் சீராக ஏறவில்லை, ஓரிடத்தில் தவில்காரர் இழுத்துப் பிடிக்கிறார், நாதஸ்வரம் மூச்சு எடுத்து வந்ததும் விடுகிறார். ஏறக்குறைய ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும், அதாவது தாளச் சுற்றுக்கும், புதிதாக வேகம் குறிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடப் பதிவுக்கு மூன்று வாரம். கடைசியில் எனக்குத் தவில் கேட்கத் தெரிந்துவிட்டது! ஆடுகிறவனைவிட சார்ட் போடுகிறவனுக்குத்தான் இந்த உலகத்தில் இசை கிடைக்கிறது என்பது என் முடிவு. பையனை எடிட்டரில் உட்காரவையுங்கள்.

ஃபுல்காம்போ_ராசா:

அண்ணே அந்த சார்ட் லிங்க் போடுங்க முதல்ல.

அப்புறம், முழுச் சுதந்திரம் கொடுத்த கேமும் வந்ததே, என்ன ஆச்சு? 2008-ல் நிண்டெண்டோவின் வீ மியூசிக், மரியோவைச் செய்த மியாமோட்டோவே கூட நின்று செய்தது, அறுபதுக்கு மேல் வாத்தியம், மார்க்கே பெரிதாகக் கிடையாது, கையை ஆட்டி எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். என் பெரியப்பா மகன் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஒரு மத்தியானம் சிரிப்பு, மறுநாள் யாரும் தொடவில்லை. தோற்க வழியில்லாத இடத்தில் கை சும்மா அசைகிறது, அவ்வளவுதான்.

டவுன்_தேரடி:

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய கொத்துத் தூண்கள் இருக்கின்றன, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம். சின்ன வயதில் நாங்கள் போகும்போதெல்லாம் தட்டிப் பார்ப்போம். மார்க் கிடையாது, ராசா சொல்கிற மாதிரி தோல்வியும் கிடையாது, ஆனாலும் அலுக்கவில்லை. ஏன் என்று யோசித்தால், நான் ஒன்றைத் தட்டுவேன், அந்தப் பக்கம் என் தங்கச்சி வேறொன்றைத் தட்டுவாள், நான் அதற்கு ஒன்று தட்டுவேன். தனியாகப் போன அன்றைக்கு இரண்டு தட்டோடு பிரகாரம் சுற்றப் போய்விட்டேன்.

உச்சமகுடம்:

வாசித்துக்கொண்டே வந்தேன், நம்ம ஆட்டம் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் குடும்பம் கணியான் கூத்து ஆடுகிற குடும்பம். எங்களுக்கு மகுடம் என்கிற தோல் வாத்தியம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். நான் உச்சம். தோல் தளர்ந்தால் தீயில் காட்டி ஏற்றிக்கொள்வோம்.

பேட்டரி அண்ணன் மருமகன் கேட்டானே, எப்போது அடிக்கணும் என்று எப்படித் தெரியும் என்று. தம்பி, நாங்கள் காலைப் பார்ப்போம். நடுச்சாமத்தில் சாமியாடி எழுந்திரிக்கும்போது அவர் பாதம் எந்த வேகத்தில் மண்ணைத் தொடுகிறதோ அதுதான் தாளம். எங்கள் இஷ்டத்துக்கு வேகத்தை ஏற்றிவிட முடியாது, அவர் திணறுவார். இறக்கவும் முடியாது, அருள் மலையேறிவிடும் என்று பெரியவர்கள் திட்டுவார்கள். அவர் ஒரு எட்டு கூட்டிப் போட்டால் நாங்கள் ஒரு அடி கூட்டணும், அதுவும் அவர் போட்டு முடித்த பிறகு இல்லை, போடும்போதே. இந்தப் பக்கம் அண்ணாவி கதையை நீட்டுவார், ஆட்டக்காரர்கள் சுற்றி வருவார்கள், அந்தப் பக்கம் மந்தக்காரர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் எது விரல் வேகம், எது கற்பனை என்று என்னைக் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. எங்கள் அப்பா அடிச்சொல்லைச் சொல்லித் தந்தார். காலைப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, பத்துப் பதினைந்து கொடை பக்கத்தில் உட்கார்ந்ததில் வந்தது.

கேம் நான் ஆடியதில்லை. ஆனால் வீடியோ பார்த்தேன். அந்த வில்லைகள் நம்மைப் பார்க்கவே இல்லையே.

பாளை_பழைய_பேட்டரி:

கடைசி வரியைப் படித்துவிட்டு ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன் தம்பி.

நான் கேள்வியையே கோணலாகக் கேட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. மார்க் போடுகிற கேம், மார்க் போடாத கேம் என்று பிரித்தேன். தேரடி சொன்ன தங்கச்சி, உச்சமகுடம் சொன்ன சாமியாடி, அக்கா சொன்ன தலையாட்டுகிற ரசிகர், எல்லாவற்றிலும் எதிரில் ஓர் ஆள் இருக்கிறார், நாம் செய்வதைக் கேட்டு அவரும் மாறுகிறார். பாராப்பாவில் அந்த வெங்காய மாஸ்டர் எழுந்து போவதுகூட ஒரு பதில்தான், என்ன, பொம்மையின் பதில்.

ராசா சொன்ன அலுப்புக்கும் இதுதான் காரணமாக இருக்குமோ? 2005-ல் நிண்டெண்டோ டிஎஸ்ஸில் டோஷியோ இவாயி செய்த 'எலக்ட்ரோபிளாங்டன்' என்று ஒன்று. தண்ணீரில் நீந்துகிற பத்து வகைப் பூச்சிகள், தொட்டால் பாடும், அவ்வளவு அழகு. மார்க் இல்லை, லெவல் இல்லை. ஆனால் நாம் வாசித்ததைச் சேமித்துவைக்கவே வழி கிடையாது. இன்னொருத்தருக்குக் காட்ட வேண்டும் என்றால் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே கூப்பிட வேண்டும். என் ஃபிரண்டிடம் வாங்கி நான்கு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்பை_சார்ட்மேக்கர்:

இதற்கு என்னிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், கொனாமி, 1998. தரையில் நான்கு அம்பு, மிதிக்க வேண்டும். இதைவிட இறுக்கமான கேம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு ஆர்கேடுகளில் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் ஆடுகிறவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி, கையைத் தரையில் ஊன்றி, முட்டியால் அம்பை அழுத்தி நிஜமாகவே டான்ஸ் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். 'ஃப்ரீஸ்டைல்' என்று தனிப் போட்டியே நடந்தது, ஆட்கள் உட்கார்ந்து மார்க் போட்டார்கள். கேமில் ஒரு வரி புரோகிராமும் மாறவில்லை.

ஃபுல்காம்போ_ராசா:

சரி, எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்கள், நான் மட்டும் தனியாக நின்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்கெல்லாம் சித்தப்பா குடம் அடிக்கிறார், அப்பா மகுடம் அடிக்கிறார், அக்கா மிருதங்கம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. கிளாஸில் சேர்த்துவிடச் சொன்னேன், ஃபீஸ் கேட்டுவிட்டு அப்பா பேசாமல் இருந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஓசு என்கிற ஓசி கேமை டவுன்லோடு பண்ணினேன், திரையில் வருகிற வட்டங்களைப் பாட்டின் தாளத்தில் தட்ட வேண்டும். பாட்டுக்கு உள்ளே இப்படி ஒரு எலும்புக்கூடு இருக்கிறது, குரலுக்குக் கீழே பேஸ் வேறொரு கதை சொல்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த வட்டங்கள்தான். அது என்னைப் பார்க்கவில்லை, சரி. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை உட்காரவைத்துச் சொல்லித்தர அது ஒன்றுதான் இருந்தது. கற்பனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள், இசை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கல்லிடை_மிருதங்கம்:

தம்பி, சரியான அடி. நான் வாபஸ் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லிடை வந்தால் ஃபீஸ் பேச்சே கிடையாது, தனிச்செய்தியில் நம்பர் தருகிறேன்.

இன்னொன்று, பேட்டரி தம்பி, பையன் புளூடூத் காதுக்கருவி மாட்டிக்கொண்டா பழகுகிறான்? என்னிடம் வருகிற ஒரு பையன் எப்போதும் முந்தி முந்தி அடித்தான், விசாரித்தால் இதுதான். பல புளூடூத் கருவிகளில் சத்தம் பத்தில் ஒரு வினாடிக்கு மேலேயே தாமதமாகிறது. கேமில் அதற்கு ஈடாக முன்கூட்டியே தட்டிப் பழகினால் அது கையில் தங்கிவிடும். வயர் வைத்ததை வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் செட்டிங்ஸில் ஒத்திசைவைச் சரிபண்ணுங்கள்.

உச்சமகுடம்:

இது எங்களுக்கும் உண்டு அக்கா. ஸ்பீக்கர் தூரத்தில் கட்டியிருந்தால் அதைக் கேட்டு அடிக்கக் கூடாது.

கல்லிடை_மிருதங்கம்:

ஆமாம், ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தானே போகிறது. 34 மீட்டர் தள்ளியிருந்தாலே அதே பத்தில் ஒரு வினாடி.

பாளை_பழைய_பேட்டரி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், ஒரு சோதனை பண்ணினேன்.

டிவி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, மனப்பாடமான பாட்டை வாசிக்கச் சொன்னேன். 61 சதவீதம். நான் நினைத்ததைவிட ரொம்ப அதிகம், ராசா, உனக்கு ஒரு பாயிண்ட். அடுத்து அவன் கேட்டே இராத ஒரு பாட்டு, அதே துண்டு. முதல் கால் நிமிடத்திலேயே கேம் அவனை வெளியே அனுப்பிவிட்டது. சிரித்து உருண்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா மருந்து வாங்க பாளைக்கு வந்தவர் வீட்டுக்கு வந்தார். கித்தாரைப் பார்த்துவிட்டு "இது என்னல, இதுல கம்பியே இல்ல" என்றார். ஸ்ட்ரம் பாரைத் தட்டிப் பார்த்தார், 'டக் டக்' என்று சத்தம் வந்தது, டிவி ஆன் பண்ணவே இல்லை. சமையல்கட்டிலிருந்து தண்ணிக் குடத்தைக் காலி பண்ணி எடுத்து வரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். பையன் ஸ்ட்ரம் பாரில் ஜால்ரா. நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "உங்க மாமன் பெருமை இருக்கே" என்று என்னை இழுத்து ஏதோ சொல்லிவிட்டுத் திடீரென்று எடுத்தார். இரண்டு தடவை பையன் கோட்டைவிட்டான். மூன்றாவது தடவை கித்தாரைப் பார்க்காமல் அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், சேர்ந்து விழுந்தது. நாலாவதோ ஐந்தாவதோ, அவர் நிறுத்தின இடத்தில் இவன் நிறுத்தாமல் சும்மா 'டக டக்' என்று ஒன்று கூட்டிப் போட்டான். சித்தப்பா குடத்திலிருந்து கையை எடுக்காமலே "ஆமா" என்றார்.

இதில் அவர் அடித்த அடியில் ஸ்ட்ரம் பார் ஒரு பக்கம் தொங்கிவிட்டது, பச்சை பட்டனும் இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை பிடிக்கிறது. இந்த மாடலுக்கு இங்கே ஸ்பேர் எங்காவது கிடைக்குமா?

அம்பை_சார்ட்மேக்கர்:

ஸ்பேர் தேடாதீங்க அண்ணே, கிடைக்காது. பின்மூடியைக் கழற்றி பட்டன் அடியில் இருக்கிற காண்டாக்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பச்சை சரியாகிவிடும். ஸ்ட்ரம் பாருக்கு உள்ளே இருக்கிற சுவிட்சைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மேளம் சார்ட் ராசாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஃபுல்காம்போ_ராசா:

வந்துச்சு. நாலாவது நிமிசத்தைத் தாண்ட முடியல. இந்தத் தவில்காரர் யார்ணே, மனுசனா அவர்?

தாமிரபரணி_கரை:

குடம் எவர்சில்வரா பித்தளையாவே?